லெ ழாந்தியும் 16,00,984 என்னும் எண்ணும்

உலகிற் பெயர் பெற்றாருள் வெற்றியாற் பெயர் பெற்றார் மிகப் பலர்; தோல்வியாற் பெயர் பெற்றார் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் பிரஞ்சு வானநூற் புலவராகிய லெ ழாந்தி என்பார். வெள்ளி என்னும் கோள் கதிரவனுக்குக் குறுக்கே செல்லுங் காட்சியை அளந்தறிய வேண்டிப் பதினோராண்டுகள் கடலிலும் கரையிலும் அலைந்து, இருமுறையும் பயன் பெறாது வெறுங்கையராய் வீடு திரும்பிய அவர் கதையை மேனாட்டு வானநூல் கற்றார் அனைவரும் அறிவர். ஆயினும், அவர் அவ்வாண்டுகளில் ஏறத்தாழ இரண்டாண்டுகளை நம் புதுச்சேரியிலே கழித்தனர் என்பதும், இங்கே தமிழர் ஒருவர்பால் மாணவராய் அமர்ந்து சில எண்களைக் கற்றுச் சென்றனர் என்பதும் நம்மவருட் பலர் அறியாதன. வெள்ளியைக் காணாமற்போன கதையினும் எண்களைக் கண்ட கதையே எமக்குப் பெரிதாகத் தோன்றுதலின், அவர் வாழ்க்கையைச் சுருக்கியும் அவ்வெண்களின் இயல்பைச் சற்று விரித்தும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பிரான்சு நாட்டின் வடமேற்கே நார்மண்டிப் பகுதியிலுள்ள கூத்தான்சு என்னும் ஊரில் 1725ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12ஆம் நாள் அவர் பிறந்தார். கியோம் ழொசெப்பு இயாசேந்து ழான் பத்தீசுத்து லெ ழாந்தி தெ லா கலேசியேர் என்பது அவர்தம் முழுப்பெயர். அதனை ஒருமுறை எழுதியதே போதும் என விடுகின்றோம். குருத்துவப் பணிக்கெனவே அவர் பாரிசு நகருக்கு வந்து இறைநூல் பயின்றார். குருமார்க்குரிய உடையும் பூண்டிருந்தார். ஆங்கு தெலீல் என்னும் வானநூலாசிரியர் நிகழ்த்திய விரிவுரைகளைக் கேட்கச் சென்றவர் அவற்றின் சுவையில் ஆழ்ந்து வானநூலையே தம் தொழிலாகக் கொண்டார். பாரிசு வானாய்வு நிலையத்திற் காசினிக் குடும்பத்தாரோடு சேர்ந்து உழைத்தார். 1749ஆம் ஆண்டில் ஆந்திரோமீடாப் பெருமுகிலின் பக்கத்தே நிற்கும் சிறு முகில் ஒன்றை முதன்முதற் கண்டறிந்தார். அஃது இன்று தனியொரு விண்மீன் மண்டலமாக அறியப்படுகின்றது. 1753ஆம் ஆண்டில் பிரஞ்சு அறிவியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

அக்காலத்து வானநூலார்க்குத் தீராத வேட்கை ஒன்று இருந்தது. கதிரவன் புவியிலிருந்து எத்துணைத் தொலைவில் இருக்கின்றான் என்பதனைத் திட்டமாக அறிந்தாரிலர். வெள்ளி கதிரவனைக் கடந்து செல்லும்போது புவியின் வெவ்வேறிடங்களில் நின்று காலத்தை அளந்தால் அத்தொலைவைக் கணித்துவிடலாம் என ஆலி என்னும் ஆங்கிலப் புலவர் 1716ஆம் ஆண்டிலே வழி காட்டிச் சென்றிருந்தார். ஆனால் அக்காட்சி எளிதில் வாய்ப்பதன்று. எட்டாண்டு இடையிட்டு இருமுறை நிகழும். பின்னர் நூறாண்டுக்கு மேற் காத்திருத்தல் வேண்டும். நம் எட்டாண்டில் வெள்ளி கதிரவனை ஏறத்தாழப் பதின்மூன்று முறை சுற்றிவிடுகின்றது. 8, 13 என்னும் இரண்டு முழு எண்களின் பொருத்தமே அவ்விரட்டைக் காட்சிக்குக் காரணம். அதனை வாசகர் நினைவில் வைத்திருத்தல் நன்று. இத்தகைய பொருத்தங்களே இக்கட்டுரையின் உயிர். அக்காலத்தார்க்கு வாய்த்தவை 1761ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாளும், 1769ஆம் ஆண்டு சூன் 3, 4 நாட்களுமாம்.

முதற்காட்சியைப் புதுச்சேரியில் நின்று காணுமாறு லெ ழாந்தி 1760ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் கப்பலேறினார். சூலைத் திங்களில் மொரீசுத்தீவை அடைந்தார். அப்போது பிரஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் பெரும்போர் நடந்துகொண்டிருந்தமையால் மேற்கொண்டு செல்லக் கப்பல் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சிலே ஒரு போர்க்கப்பலில் இடம் பெற்றுப் புறப்பட்டு, காற்றால் அலைப்புண்டு, மே மாத இறுதியில் மலையாளக் கரையில் மாகேயின் அருகே வந்தபோது, புதுச்சேரி ஆங்கிலேயர் கைப்பட்டது என்னுஞ் செய்தி எட்டிற்று. புதுச்சேரியோ சனவரித் திங்களிலேயே வீழ்ந்துவிட்டது! கப்பல் மொரீசுக்குத் திரும்பியது. சூன் 6ஆம் நாள் வானம் தெளிந்திருந்தது. வெள்ளியும் கதிரவனைக் கடந்தது. லெ ழாந்தியும் அதனைக் கண்டார். ஆனால் ஆடும் கப்பலின் மேல்தளத்தில் நின்று கண்டார். ஊசற்கடிகாரம் அங்கே நில்லாது. கப்பல் நின்ற இடமும் திட்டமாகத் தெரியாது. அளவையின்றிக் கண்ட காட்சி கணிதத்திற்குப் பயன்படவில்லை.

பிறர் ஆயின் ஊருக்குத் திரும்பியிருப்பர். அவரோ எட்டாண்டு கழித்து வரும் அடுத்த காட்சிக்காக இப்பகுதியிலேயே தங்கத் துணிந்தார். இடையே மடகாசுகர் முதலிய தீவுகளின் நிலவியல்பு, காற்றியல்பு, உயிர்வகை ஆகியவற்றை ஆராய்ந்தார். 1766ஆம் ஆண்டில் மணிலாவுக்குச் சென்றார். அதுவே தக்க இடம் என அவர் எண்ணியிருந்தார். எனினும் ஆங்கிருந்த இசுபானிய ஆளுநர் அவரை ஐயக்கண் கொண்டு நோக்கினார். அறிவியற் கழகத்தாரும் புதுச்சேரியையே விரும்பினர். ஆகவே 1768ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் லெ ழாந்தி புதுச்சேரியில் வந்திறங்கினார்.

அவர் கண்ட புதுச்சேரி இடிபாடுகளின் குவியல். 1761ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கியிருந்தனர். 1763ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஊர் பிரஞ்சுக்காரருக்கு மீண்டது. 1765ஆம் ஆண்டு முதல் ழான் லா தெ லொரிசுத்தோன் என்னும் ஆளுநர் அதனை மீளக் கட்டியெழுப்பி வந்தார். அவர் லெ ழாந்தியை அன்புடன் வரவேற்று, இடிந்த கோட்டையின் அடித்தளச் சுவர்மீது வானாய்வு நிலையம் ஒன்று கட்டித் தந்தார். அதன் கீழே வெடிமருந்து வைக்கும் நிலவறை இருந்தது. இங்ஙனம் வெடிமருந்தின்மேல் அமர்ந்து விண்மீன் நோக்கியவர் உலகில் வேறொருவர் இரார் என்றே எண்ணுகின்றோம். சென்னையிலிருந்த ஆங்கிலேயர், பழைய பகைமையைப் பாராட்டாது, நல்ல தொலைநோக்கி ஒன்றை அவருக்கு அனுப்பி உதவினர்.

இவ்வாளுநர் லாவின் பெயரே எம் கருவடிக்குப்பத்தை அடுத்துள்ள லாசுப்பேட்டைக்கு அமைந்தது என்பர். கருவடிக்குப்பம் என்றவுடன் கற்றார்க்கு நினைவில் எழுவது பாரதியாரின் குயிற்பாட்டோடு சேர்த்துப் பேசப்பெறும் தோப்பும், சித்தானந்த சுவாமி கோயிலுமே. பாரதியார்க்கு நூற்றுநாற்பதாண்டுகள் முன்னரே இப்பக்கத்து வானத்தை ஒருவர் இரவெல்லாம் விழித்து நோக்கியிருந்தார் என்பதை எம் ஊராரிடம் சொன்னால் அவர்கள் வியப்பெய்துகின்றனர். லாசுப்பேட்டைக்குப் போகும் வழியை நாள்தோறும் மிதிக்கும் எமக்கும் அப்பெயரின் வரலாறு நெடுநாள் தெரிந்திருக்கவில்லை.

வெள்ளியின் வரவுக்கு ஓராண்டுக்கு மேல் இருந்தது. அந்நாட்களில் அவர் ஊரின் அகலாங்கு நெட்டாங்குகளை அளந்தார். காற்றையும் மழையையும் குறித்தார். அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் வீராம்பட்டினத்தின் பக்கத்தே பழைய பெருஞ்செங்கற்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்டிருத்தலைக் கண்டெழுதினார். அரிக்கமேடு என்று பிற்காலத்தில் உலகம் அறிந்த இடம் அதுவே. எனினும் அவர் செய்தவற்றுள் தலையாயது தமிழர் கிரகணங் கணிக்கும் முறையைக் கற்றதேயாம்.

பிரஞ்சு அறிவியற் கழகத்தின் உறுப்பினர் ஒருவர், நாற்பதைக் கடந்த வயதில், தரையிற் சோழிகளைப் பரப்பிவைத்துக் கணக்கிடும் ஒருவர் முன்னே மாணவராய் அமர்ந்த காட்சியை நாம் மனக்கண்ணாற் காண்டல் வேண்டும். அக்கணிதர் எழுதுகோலைத் தொடுவதில்லை. சோழிகளைச் சேர்ப்பார், நீக்குவார், இடம் பெயர்ப்பார். வாய் எதையோ முணுமுணுக்கும். சிறிது நேரத்திற் கிரகணந் தொடங்கும் காலமும் முடியும் காலமும் வந்துவிடும். பெரிய பெரிய வாய்ப்பாடுகளையும் நூல்களையும் புரட்டியே கணக்கிட்டுப் பழகிய லெ ழாந்தி அதன் விரைவையும் எளிமையையும் கண்டு வியந்தார். இம்முறை தம்முறையினும் விரைவானது என்று ஒப்புக்கொள்ள அவர் தயங்கவில்லை. வாயில் முணுமுணுத்தது மந்திரம் அன்று என்பதையும் அவர் அறிந்துகொண்டார். அவை எண்கள்.

அவ்வெண்களுள் முதலாவதும் பெரியதும் 16,00,984. அதனை அடுத்து 12,372, 3,031, 248. கலியுகத் தொடக்கத்திலிருந்து வேண்டிய நாள்வரை கழிந்த நாட்களை எண்ணி, அத்தொகையிலிருந்து 16,00,984ஐக் கழித்துவிட வேண்டும். எஞ்சியதை 12,372ஆல் வகுத்து, மிச்சத்தை 3,031ஆல் வகுத்து, அதன் மிச்சத்தை 248ஆல் வகுத்தால், கடைசியாக 248க்குக் குறைந்த ஒரு சிற்றெண் நிற்கும். அவ்வெண்ணுக்குரிய வாக்கியம் ஒன்று நினைவில் உண்டு. வரருசியின் பெயரால் வழங்கும் 248 வாக்கியங்களில் அது ஒன்று; அன்றைய உதயத்திற் சந்திரன் எத்துணைப் பாகை நகர்ந்துள்ளான் என்பதை அது கூறும். முதல் வாக்கியம் தருவது 12 பாகை 3 கலை.

இவ்வெண்களை வாய்க்கு வந்தவாறு யாரோ கட்டிவிட்டனர் என்று எண்ணலாகாது. சந்திரன் வானில் ஒரே சீராக நடப்பவன் அல்லன். புவிக்கு அணியனாகும்போது நாளொன்றுக்குப் பதினைந்து பாகையளவு விரைவான். சேயனாகும்போது பன்னிரண்டு பாகையளவே நகர்வான். ஒரு சேய்மை நிலையிலிருந்து மறு சேய்மை நிலைக்கு வர அவனுக்கு ஏறத்தாழ 27 நாள் 13 மணி 19 நிமிடம் ஆகும். இஃது ஒரு தொல்லை பிடித்த பின்னம். உதயத்தில் தொடங்கிய சுற்று நள்ளிரவுக்கு முன்னே முடியும். அடுத்த சுற்று மறுபடியும் உதயத்தில் தொடங்காது. ஆனால் ஒன்பது சுற்றுக்களைச் சேர்த்தால் 248 நாட்கள். பதின்மூன்று நிமிடமே வேறுபாடு. ஆகவே 248 நாட்களுக்கு ஒருமுறை சந்திரன் நடை மீண்டும் உதயத்தோடு பொருந்திவிடுகின்றது. அதனாலேயே 248 வாக்கியங்கள் போதுமாயின. அந்நிலையில் அவன் வானவட்டத்தில் 27 பாகை 44 கலை 6 விகலை முன்னேறி நிற்பான் என்பதும் மனப்பாடம். அதனை உடன் கூட்டிக்கொள்வர். 110 சுற்றுக்களுக்கு 3,031 நாட்கள். இங்கே இக்காலத்து அளவையோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடத்திற்கும் குறைந்த வேறுபாடே உண்டு. எட்டாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் ஒரு நிமிடம்! 449 சுற்றுக்களுக்கு 12,372 நாட்கள். அதில் வேறுபாடு ஏறத்தாழப் பத்து நிமிடம்.

இவ்வெண்களுக்குள்ளே ஓர் உறவும் உண்டு. சந்திரனது சுற்றை மிகப் பருமட்டாக 28 நாள் எனலாம். இரண்டு சுற்றை 55 நாள் எனலாம். 55ஐ நான்கு மடங்காக்கி 28ஐக் கூட்டினால் 248. 248ஐப் பன்னிரு மடங்காக்கி 55ஐக் கூட்டினால் 3,031. 3,031ஐ நான்கு மடங்காக்கி 248ஐக் கூட்டினால் 12,372. சுற்றுக்களின் தொகையும் அவ்வாறே: இரண்டை நான்கு மடங்காக்கி ஒன்றைக் கூட்ட ஒன்பது, ஒன்பதைப் பன்னிரு மடங்காக்கி இரண்டைக் கூட்ட 110, 110ஐ நான்கு மடங்காக்கி ஒன்பதைக் கூட்ட 449. தாத்தா, தந்தை, மகன் எனக் குடிவழி வருவது போல ஒவ்வோர் எண்ணும் முன்னிரண்டு எண்களிற் பிறக்கின்றது. ஒரு பின்னத்தைச் சிறு முழு எண்களால் நெருங்குதற்கு இதனினும் நல்ல வழி இல்லை என்பதைப் பிற்காலக் கணித நூலாரும் நிறுவியுள்ளனர்.

இனிப் பெரிய எண்ணுக்கு வருவோம். 16,00,984 நாட்கள் என்பது 4,383 ஆண்டுகளுக்குச் சற்று மிகுதி. கலியுகத் தொடக்கமாகிய கிறித்துவுக்கு முன் 3102ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாளிலிருந்து அத்தனை நாள் எண்ணினால் கிறித்துவுக்குப் பின் 1282ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாளில் வந்து நிற்போம். சந்திரன் தன் சேய்மை நிலையில் நிற்பதும் உதயமும் அந்நாளிற் பொருந்தின எனக் கொண்டே அது கணக்குக்குத் தலைநாள் ஆக்கப்பட்டது. எனவே இம்முறை 1282ஆம் ஆண்டை ஒட்டி வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அறிஞர் துணிபு.

அவ்வெண்ணைப் பகாக் கூறுகளாகப் பிரித்துப் பார்த்தோம். மூன்று இரண்டுகளும், 7, 11, 23, 113 என்பனவும் அதன் கூறுகள். இவற்றாற் பிறக்கும் வகுத்திகள் அறுபத்து நான்கு. ஈண்டு நம் கருத்தைக் கவர்வது ஏழு. 16,00,984 ஏழால் மிச்சமின்றி வகுபடுகின்றது. அஃதாவது முழு முழு வாரங்களால் ஆயது. கலியுகம் வெள்ளிக்கிழமையிற் பிறந்தது என்பது வழக்கு. 1282ஆம் ஆண்டின் தலைநாளும் வெள்ளிக்கிழமையே. 3,031ம் 433 முழு வாரங்களாம். 12,372ஐயும் 248ஐயும் ஏழால் வகுத்தால் இரண்டிலும் மூன்றே மிஞ்சும். இஃது ஒரு நல்ல சோதனைக்கு இடந்தருகின்றது. எம்மில் இருவர் சோழி கிடையாமையாற் புளியங்கொட்டைகளைக் கொண்டு அதனைச் செய்து பார்த்தோம். லெ ழாந்தி புதுச்சேரியில் நின்று கண்ட சந்திர கிரகணம் ஒன்று 1768ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாளில் நிகழ்ந்தது. தலைநாளிலிருந்து அந்நாள்வரை 1,77,716 நாட்கள். அதில் 12,372 பதினான்கு முறை போகும், மிச்சம் 4,508. அதில் 3,031 ஒருமுறை, மிச்சம் 1,477. அதில் 248 ஐந்து முறை; மிச்சம் 237. பதினான்கையும் ஐந்தையும் கூட்டி மும்மடங்காக்கினால் 57, அதனோடு 237ஐக் கூட்டினால் 294, அது 42 வாரம், மிச்சம் இல்லை. ஆகவே அன்று வெள்ளிக்கிழமை. பழைய நாட்காட்டியும் வெள்ளிக்கிழமை என்றே காட்டுகின்றது. புளியங்கொட்டைகளைப் பையிற் போட்டுக்கொண்டு எழுந்தபோது எமக்கு உண்டான மகிழ்ச்சியை இங்கே எழுதுவது மிகையாகும்.

இத்துணை எண்களையும் மறவாதிருக்க அவர்கள் கையாண்ட உபாயம் தமிழ் பயிலும் மாணவர்க்குப் பெரிதும் சுவை பயப்பது. எண்ணைச் சொல்லாக்கிவிட்டனர். வடமொழி நெடுங்கணக்கில் ககரம், டகரம், பகரம், யகரம் ஆகிய நான்கும் ஒன்று. அவற்றை அடுத்தவை இரண்டு, மூன்று என வரிசையாக ஏறும். சொல்லிலுள்ள எழுத்துக்களின் எண்களை வலமிருந்து இடமாக வைத்துப் படித்தல் வேண்டும். 248க்குரிய சொல் தேவரம்: தே எட்டு, வ நான்கு, ர இரண்டு. மாற்றிப் படித்தால் 248. 3,031க்குக் காலனிலம்; 12,372க்கு ரசகெரிகா. பெரிய எண்ணுக்குரிய தொடர் வேதம் எனத் தொடங்கும். அதன் முதலிரண்டு எழுத்துக்களே 84 என்னும் கடைப்பகுதியைத் தந்துவிடும். தேவரம் என்பதைக் கேட்கும் தமிழர்க்கு மூவர் பாடிய தேவாரமே செவியில் ஒலிக்கும், இரண்டுக்கும் தொடர்பில்லை. தமிழெழுத்தில் இவ்வுபாயம் நேரே செல்லாது. ஏனெனில் ஒரே தகரம் வடமொழியின் நான்கு ஒலிகளுக்கு நின்று ஆறா எட்டா என மயங்க வைக்கும். ஆகவே தமிழ்நாட்டுக் கணிதரும் இவற்றை வடமொழி ஒலிப்பிலேயே ஓதினர்.

முழு எண்ணைக் கொண்டு சந்திரனைக் கட்டும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஈசுடர்ப் பெருநாளைக் குறித்தற்குத் திருச்சபையார் 19 ஆண்டுகளில் 235 அமாவாசைகள் என்னும் பொருத்தத்தைப் பல நூற்றாண்டுகளாகக் கைக்கொண்டுள்ளனர். குருத்துவக் கல்வி பெற்ற லெ ழாந்திக்கு அஃது அறிமுகமானதே. 248 நாட் சுற்றைப் பாபிலோனியரும் அறிந்திருந்தனர். எகிப்தில் உரோமர் ஆட்சிக் காலத்தில் எழுதிய கிரேக்கத் தாளொன்றில் 248, 3,031 ஆகிய இரண்டும் வருகின்றன. 1952ஆம் ஆண்டில் நொய்கெபவர் என்னும் பேரறிஞர் தமிழ் வானநூல் பற்றி எழுதிய கட்டுரையில் இவ்வொப்புமையை எடுத்துக்காட்டினார். எண்கள் யாரிடமிருந்து யாருக்குச் சென்றன என்னும் வழக்கில் யாம் புக விரும்பவில்லை. மேலே கண்ட குடிவழியை எந்நாட்டில் எவர் உணர்ந்தாரோ அவர் சந்திரனை நன்கு உணர்ந்தவர் என்பது மட்டும் உறுதி.

லெ ழாந்தி கற்றதோடு நில்லாமற் சோதித்தும் பார்த்தார். 1765ஆம் ஆண்டு ஆகத்து 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைத் தமிழர் முறையாற் கணித்தபோது, கிரகணம் நிலைத்த காலம் உண்மைக்கு 41 விநாடி குறைந்து வந்தது. அந்நாளில் ஐரோப்பாவில் மிகச் சிறந்தனவென மதிக்கப்பெற்ற மேயரின் வாய்ப்பாடுகளோ 68 விநாடி மிகுத்துக் காட்டின. ஒரு கிரகணத்தை வைத்து ஒரு நூலை உயர்த்திவிடலாகாது. பிறிதொரு கிரகணத்தில் முடிவு மாறியும் போகலாம். ஆயினும் சோழிக்கும் பாரிசுக்கும் நடந்த அப்போட்டியிற் சோழி தோற்கவில்லை.

இங்கே ஒரு குறையையும் மறைத்தல் தகாது. கணித்தவர்க்குக் காரணம் தெரியவில்லை என்பது லெ ழாந்தியின் முறையீடு. எண்கள் எங்கிருந்து வந்தன, ஏன் கழிக்கின்றோம், ஏன் வகுக்கின்றோம் என்னும் வினாக்களுக்கு அவர் கேட்ட அளவில் விடை கிடைக்கவில்லை. ஐம்பதாண்டு கழித்து வாரன் என்பார், பிரஞ்சுக்காரராய்ப் பிறந்து ஆங்கிலேயர் பணியில் இருந்தவர், 1825ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் காலசங்கலித நூலில் அதனையே கூறினார். அவர் கண்ட புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவ்வாண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை ஏட்டைப் பாராமற் சோழிகளைக் கொண்டே கணித்தார். தொடக்கத்தில் நான்கு நிமிடமும், நடுவில் இருபத்து மூன்று நிமிடமும், முடிவில் ஐம்பத்திரண்டு நிமிடமும் வேறுபட்டன. அவர்க்கும் வானநூலின் கொள்கை தெரியாது. ஐந்நூறாண்டுக்கு முன்னர் வைத்த கடிகாரத்தை யாரும் திருத்தாது ஓட்டிவந்தமையின் பிழை இது என்க. எண்ணைக் கண்டவர் அறிஞர். காத்தவர் நினைவாற்றல் மிக்கவர். இருவர்க்கும் இடையே எங்கோ ஒரு தலைமுறையில் ஏன் என்னும் வினா அறுந்து போயிற்று. எண்சுவடியையும் சூத்திரத்தையும் இரவெல்லாம் உருப்போட்டுத் தேர்வெழுதும் எமக்கு அக்கணிதரை நகைக்க வாயில்லை. எனினும் லெ ழாந்தியின் குறைபாட்டை முற்றும் ஒப்பவும் எம்மாற் கூடவில்லை. உருப்போட்டவர் இல்லையேல் அவர் கற்றுக்கொண்டு போக எதுவும் இங்கே மிஞ்சியிராது.

வெள்ளியின் நாள் வந்தது. 1769ஆம் ஆண்டு மே மாத முழுதும் புதுச்சேரியின் விடியற்பொழுதுகள் தெளிவாக இருந்தன. சூன் 3ஆம் நாள் இரவு ஆளுநர் லா வானாய்வு நிலையத்திற்கு வந்தார். வியாழனின் துணைக்கோள்களைத் தொலைநோக்கியிற் கண்டு களித்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கதிரவன் வெள்ளியைத் தன்மேற் சுமந்துகொண்டே உதிக்க வேண்டும். ஏறத்தாழ ஏழு மணிக்கு வெள்ளி விலகிவிடும். விடியுமுன்னே எங்கிருந்தோ ஒரு சூறைக்காற்று எழுந்தது; முகில்கள் கீழ்வானை மூடின. உதயம் தெரியவில்லை. வெள்ளி கடந்து முடிந்த சிறிது நேரத்தில் முகில் விலகியது; அன்று முழுதும் கதிரவன் ஒளி வீசினான். அவர் விட்டு வந்த மணிலாவில் அன்று காலை வானம் மாசற்றிருந்ததாம். பலநாள் அவர் எழுதுகோலைத் தொடவும் மனமின்றிக் கிடந்தார். அந்தத் துயரத்தை யாம் விரித்துரைக்க முற்படவில்லை. ஒரு காலைப்பொழுதுக்காக எட்டாண்டு காத்திருந்தவரை எண்ணிப் பார்த்தாலே அது விளங்கும்.

பின்னர் நோய் வந்தது. 1770ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் உடல் தேறாமலே புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். மொரீசிலிருந்து சென்ற கப்பல் புயலிற் சிக்கிச் சிதைந்து மீண்டும் அத்தீவுக்கே திரும்பியது. இசுபானியக் கப்பலொன்றில் இடம் பெற்றுக் காதிசுத் துறையில் இறங்கி, 1771ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் பிரனீசு மலையைக் கடந்து தம் நாட்டு மண்ணை மிதித்தார். ஆங்கு அவர் இறந்தவராகக் கருதப்பட்டிருந்தார்! உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர்; அறிவியற் கழகத்தில் அவர் இருக்கை பிறர்க்குச் சென்றிருந்தது. உயிரோடிருத்தலை மெய்ப்பிக்க வழக்காட வேண்டியதாயிற்று. கழகம் அவரை மீள ஏற்றது. பிறகு மணம் புரிந்து ஒரு மகளைப் பெற்று அமைதியாக வாழ்ந்தார். தம் செலவு பற்றிய நூலை 1779, 1781ஆம் ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். 1792ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22ஆம் நாள், புரட்சியின் கொடுமை முதிருமுன், இயற்கை எய்தினார்.

அவர் கொண்டுசென்ற எண்கள் அவரினும் நெடுநாள் வாழ்ந்தன. நாகப்பட்டினத்துக்கு மேற்கேயுள்ள திருவாரூரின் பெயரால் அக்கணக்கு ஐரோப்பாவில் வழங்கிற்று. பாயீ என்னும் பிரஞ்சு அறிஞர் 1787ஆம் ஆண்டில் அதனை வைத்துப் பெருநூல் எழுதினார். கலியுகத் தொடக்கத்திலேயே இந்தியர் வானை அளந்து வைத்திருந்தனர் என்பது அவர் கொள்கை. இசுகாத்துலாந்துப் பிளேபேர் அதனைத் தழுவி எழுதினார். இலாப்பிளாசு மறுத்தார். மறுப்பே வென்றது; கலியுகத் தொடக்கம் பின்னோக்கிக் கணித்தறிந்ததே என்பது இன்று அறிஞர் ஒப்பமுடிந்தது. இவ்வெண்களுக்கு மூலமாகிய வாக்கியகரணம் என்னும் வடமொழி நூல் 1962ஆம் ஆண்டிற் சென்னையில் அச்சேறியது.

நம் நாட்டில் அம்முறை இன்னும் மறையவில்லை. வாக்கியப் பஞ்சாங்கம் ஆண்டுதோறும் அச்சாகின்றது. இக்காலக் கருவிகளோடு ஒத்த திருக்கணிதப் பஞ்சாங்கமும் அச்சாகின்றது. இரண்டும் மாறுபடுங்கால் வீடுகளிற் சொற்போர் நிகழ்வதுண்டு. புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றிற் சனிப்பெயர்ச்சி 2023ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் வாக்கியத்தின்படி கொண்டாடப்பெற்றது. திருக்கணிதத்தின்படியோ சனி அவ்வாண்டு சனவரி 17ஆம் நாளிலேயே பெயர்ந்துவிட்டது. சனிக்குரிய எண்கள் வேறு, முறை ஒன்றே. பதினொரு திங்கள் வேறுபாட்டை நம்பிக்கையாளர் எங்ஙனமும் அமைதி செய்துகொள்ளட்டும். அஃது அவர்தம் உரிமை. கணிதம் பயில்வார், பழைய எண்ணைப் போற்றுதற்காக வானத்தைப் பாராது விடுதல் அவ்வெண்ணைக் கண்டவர்க்கே செய்யும் பெருமை ஆகாது என்பதே எம் எண்ணம். அவர் வானைப் பார்த்தன்றோ அதனைக் கண்டார்!

லெ ழாந்தியின் காலத்துக்குப் பின் வெள்ளி 1874, 1882, 2004, 2012ஆம் ஆண்டுகளிற் கதிரவனைக் கடந்தது. இனிக் கடப்பது 2117ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள். அன்றும் புதுச்சேரியிற் கதிரவன் வெள்ளியைச் சுமந்துகொண்டே கடலினின்று எழுவான். முற்பகல் பதினொரு மணியளவில் அது விலகும். தலைநாளிலிருந்து அதுவரை 3,05,173 நாட்கள். புளியங்கொட்டைகளை மறுபடியும் பரப்பினோம்: 12,372 இருபத்து நான்கு முறை, 3,031 இருமுறை, 248 எட்டு முறை, மிச்சம் 199. இருபத்து நான்கும் எட்டும் முப்பத்திரண்டு, மும்மடங்கு 96, 199ஐக் கூட்ட 295, ஏழால் வகுக்க மிச்சம் ஒன்று, ஆகவே சனிக்கிழமை. திங்கள் கார்த்திகை, வடகிழக்குப் பருவமழை இக்கரையை விட்டு முற்றும் நீங்கியிராத காலம்.